பழைய ரைடுகளின் இடத்தில் சினிமா ரைடுகள்: தீம் பார்க்குகளில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டிஸ்னி நடத்தும் மேஜிக் கிங்டம் பூங்காவில் 1971-லிருந்து ஒரு ஆறு இருந்தது. பூங்காவுக்காக வெட்டிய ஆறுதான். அதில் ஒரு நீராவிப் படகு மெதுவாக வட்டமடிக்கும். நடுவில் ஒரு தீவு, அதில் குகைகள், மிதவைப் பாலம், மரநிழல். 2025 ஜூலை 6-ஆம் தேதியோடு படகும் தீவும் மூடப்பட்டன. அந்த இடத்தில் பிக்ஸாரின் ‘கார்ஸ்’ படங்களை வைத்து ஒரு புதிய பகுதி கட்டுகிறார்கள்.

2024 ஆகஸ்டில் இந்த அறிவிப்பு வந்ததும் தீம் பார்க் ரசிகர்கள் மத்தியில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விநோதமாக இருக்கும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? அந்த வருத்தம் எங்கிருந்து வருகிறது, பூங்கா நடத்துபவர்கள் ஏன் திரும்பத் திரும்ப இதையே செய்கிறார்கள் என்பதை முதல் முறை கேட்பவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன். என் நிலைப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படத்தை வைத்து ரைடு செய்வது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் படம் மக்களுக்கு மறந்துபோன பிறகும் ரைடு தன் காலில் நிற்குமா என்று கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். பல சமயம் யாரும் கேட்பதில்லை.

பூங்காவிலேயே பிறந்த கதைகள்

‘கிளாசிக்’ என்று ரசிகர்கள் கொண்டாடும் ரைடுகளில் முதலில் நிற்பவை, பூங்காவுக்காகவே யோசித்து உருவாக்கப்பட்டவை. 1967 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ திறந்தது. படகில் உட்கார்ந்தால் அது இருட்டுக்குள் சரிந்து இறங்கும். எலும்புக்கூடுகள் கிடக்கும் குகைகளைத் தாண்டி, கொள்ளையர்கள் சூறையாடும் ஊருக்குள், எரியும் வீடுகளுக்கு நடுவே போவோம். அந்தப் பெயரில் அப்போது படம் எதுவும் கிடையாது. காட்சிகளில் பலவற்றை வரைந்தவர் மார்க் டேவிஸ். வசனத்தையும் பாட்டு வரிகளையும் எழுதியவர் எக்ஸ் அட்டென்சியோ. கதாநாயகன் என்று யாரும் இல்லை. ஆரம்பம், நடு, முடிவு என்ற வரிசைகூட இல்லை. ஓர் உலகத்தின் குறுக்கே படகில் போகிறோம், அவ்வளவுதான். 1969-ல் வந்த பேய்வீட்டு ரைடான ‘ஹான்டட் மேன்ஷன்’ கதையும் இதேதான்.

இந்த இரண்டும் படமானது 2003-ல். பைரேட்ஸ் படம் பெரும் வெற்றி பெற்றதும், 2006-ல் அதன் நாயகன் ஜாக் ஸ்பாரோவின் இயந்திரப் பொம்மையைச் செய்து ரைடுக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள். ரைடிலிருந்து பிறந்த படம், பிறகு ரைடுக்குள் புகுந்துகொண்டது.

இப்படிப் பூங்காவில் பிறந்த கதைகளை அந்த இடத்துக்குப் போனால்தான் அனுபவிக்க முடியும். சினிமா ரைடை எடுத்துவிட்டால் படமாவது மிஞ்சும், எப்போது வேண்டுமானாலும் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். பூங்காவிலேயே பிறந்த ரைடை இடித்தால் யாரோ எடுத்த வீடியோவும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். ரசிகர்களின் கோபத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது, அதில் நியாயம் இருக்கிறது.

அதற்காக, அந்தக் காலத்தில் எல்லாமே சொந்தக் கற்பனை, இப்போதுதான் சினிமா நுழைந்து கெடுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிஸ்னிலேண்ட் 1955-ல் திறந்தபோதே ஸ்னோ ஒயிட், பீட்டர் பான், மிஸ்டர் டோட் என்று டிஸ்னியின் சொந்தப் படங்களை வைத்த ரைடுகள் அதில் இருந்தன. பழையதை எடுத்துவிட்டு சினிமாவை வைப்பதும் புதிதல்ல. அணுவின் அளவுக்குச் சுருங்கி உள்ளே போவதுபோல் காட்டிய ‘அட்வென்ச்சர் த்ரூ இன்னர் ஸ்பேஸ்’ என்ற ரைடு 1967-லிருந்து அங்கே ஓடியது. அதை 1985-ல் மூடி, 1987-ல் அதே கட்டடத்தில் ‘ஸ்டார் டூர்ஸ்’ திறந்தார்கள். அப்போது ‘ஸ்டார் வார்ஸ்’ டிஸ்னியின் சொத்துகூட இல்லை, ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுச் செய்தது. இன்று அந்த ஸ்டார் டூர்ஸையே கிளாசிக் என்று சொல்பவர்கள் உண்டு.

ஏன் சினிமா?

ஒரு ரைடு பெரும்பாலும் மூன்று நிமிடத்திலிருந்து பத்து நிமிடம்தான் ஓடும். அதற்குள் இவர் யார், நல்லவரா கெட்டவரா, எதற்காக ஓடுகிறார் என்றெல்லாம் சொல்ல நேரமில்லை. எல்லோருக்கும் தெரிந்த பாத்திரம் என்றால் அறிமுகமே தேவையில்லை. ‘ஃப்ரோஸன்’ படத்தின் எல்சா கையை உயர்த்தினாலே பனி கொட்டும் என்று நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும். விளம்பரமும் அப்படித்தான். புதிய கதை என்றால் அது என்னவென்று முதலில் விளக்க வேண்டும். தெரிந்த படம் என்றால் பெயரைச் சொன்னால் போதும்.

அப்புறம் பணம். பெரிய ரைடு ஒன்றைக் கட்ட இன்று பல கோடி டாலர் வேண்டும். அவ்வளவு பணத்தைப் போடுபவர்கள், மக்கள் ஏற்கெனவே விரும்புகிற ஒன்றை நம்பித்தான் போட நினைப்பார்கள். ரைடை விட்டு இறங்கியதும் எதிரே பொம்மைக் கடை இருப்பதும் தற்செயல் அல்ல.

டிஸ்னியைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் இருக்கிறது. 2006-ல் பிக்ஸார், 2009-ல் மார்வெல், 2012-ல் லூகாஸ்ஃபில்ம் என்று வரிசையாக வாங்கினார்கள். பிக்ஸாருக்கு மட்டும் சுமார் 740 கோடி டாலர். இவ்வளவு கொடுத்து வாங்கிய பாத்திரங்களைப் பூங்காவில் இறக்காமல் வைத்திருப்பார்களா? தீம் பார்க் வட்டாரத்தில் இந்தப் படப் பெயர்களையும் பாத்திரங்களையும் ஒட்டுமொத்தமாக ‘ஐபி’ என்பார்கள். எந்தப் பூங்காச் செய்தியைப் படித்தாலும் இந்தச் சொல் கண்ணில் படும்.

போட்டியாளரான யூனிவர்சல் 2010 ஜூனில் ஃப்ளோரிடாவில் திறந்த ஹாரி பாட்டர் பகுதி இந்தப் போக்கை இன்னும் வேகப்படுத்தியது. ஒரு ரைடு மட்டும் என்றில்லாமல் கோட்டை, கடைவீதி, அங்கே கிடைக்கும் பானம், கையில் பிடிக்கும் மந்திரக்கோல் என்று முழு ஊரையே கட்டினார்கள். கூட்டம் அலைமோதியது. அதன் பிறகு, ஒரு படத்தின் உலகத்தையே பூங்காவின் ஒரு பகுதியாகக் கட்டுவது இந்தத் தொழிலின் வழக்கமாகிவிட்டது. டிஸ்னி 2019-ல் திறந்த ‘ஸ்டார் வார்ஸ்’ பகுதியும் அந்த வழியில் வந்ததுதான்.

அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் உண்டு, எனக்கு அது முக்கியமானதாகவே படுகிறது. படம் சாராத பல பழைய ரைடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனத்தின் பணம் இருந்தது. 1982-ல் ஃப்ளோரிடாவில் திறந்த எப்காட் பூங்காதான் இதற்குச் சிறந்த உதாரணம். எரிசக்தி பற்றிய அரங்குக்கு எக்ஸான், வருங்காலத்தைக் காட்டிய ‘ஹொரைஸன்ஸ்’ அரங்குக்கு ஜெனரல் எலெக்ட்ரிக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புரவலர் இருந்தார். ஒப்பந்தம் முடிந்து அவர்கள் விலகியதும் அரங்குகளைப் புதுப்பிக்கப் பணம் தர ஆளில்லை. உள்ளே சொல்லப்பட்ட ‘வருங்காலம்’ பழசாகிக்கொண்டே போனது. ஹொரைஸன்ஸ் 1999-ல் மூடப்பட்டது. எரிசக்தி அரங்கு 2017 ஆகஸ்ட் வரை தாக்குப்பிடித்தது. அதன் இடத்தில் 2022-ல் மார்வெலின் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ ரோலர் கோஸ்டர் வந்தது. பல ரைடுகளைச் சினிமா வந்து துரத்தியதாகச் சொல்கிறோம். அவற்றில் சில, பராமரிப்பு இல்லாமல் அதற்கு முன்பே தளர்ந்துபோனவை.

மார்வெலில் எத்தனையோ பிரபலமான நாயகர்கள் இருக்க, கார்டியன்ஸ் மட்டும் ஏன் என்று கேட்கலாம். மார்வெலை டிஸ்னி வாங்குவதற்கு முன், 1994-லேயே, அந்தப் பாத்திரங்களைப் பூங்காவில் பயன்படுத்தும் உரிமையை யூனிவர்சல் வாங்கியிருந்தது. அதனால் ஸ்பைடர்மேன் டிஸ்னியின் சொத்தாக இருந்தும், ஃப்ளோரிடாவில் அவர் ஓடிக்கொண்டிருப்பது யூனிவர்சலின் ரைடில். கார்டியன்ஸை யூனிவர்சல் பயன்படுத்தவில்லை, ஆகவே எப்காட்டுக்கு அவர்கள் கிடைத்தார்கள். எந்த ரைடு வருகிறது என்பதைக் கலைஞரின் ஆசையோடு வக்கீல்களின் காகிதமும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

எப்படி மாற்றுகிறார்கள்?

எல்லா மாற்றமும் இடித்துக் கட்டுவதல்ல. சில சமயம் தண்டவாளம், படகு, கட்டடம் எல்லாம் அப்படியே இருக்கும், காட்சிகள் மட்டும் மாறும். எப்காட்டின் நார்வே அரங்கில் நடந்தது இதுதான். அங்கே 1988-லிருந்து ‘மேல்ஸ்ட்ராம்’ என்ற படகு ரைடு இருந்தது. வைக்கிங்குகள், பூதங்கள், வட கடலின் எண்ணெய்க் கிணறு என்று நார்வேயின் பழங்கதையும் நிகழ்காலமும் சில நிமிடங்களில் கடந்துபோகும். இடையில் படகு சட்டென்று பின்னோக்கி ஓடும். இறங்கியதும் நார்வே பற்றிய ஒரு குறும்படம். 2013 நவம்பரில் ‘ஃப்ரோஸன்’ வெளியாகி உலகமெங்கும் ஓடியது. 2014 அக்டோபரில் மேல்ஸ்ட்ராம் மூடப்பட்டது. 2016 ஜூனில் அதே கால்வாயில், அதே படகுகளோடு ‘ஃப்ரோஸன் எவர் ஆஃப்டர்’ திறந்தது. பின்னோக்கி ஓடும் அந்தத் திருப்பமும் இன்னும் இருக்கிறது, இப்போது படகைப் பின்னுக்குத் தள்ளுவது எல்சாவின் மந்திரம்.

புதிய ரைடு அழகாகவே இருக்கிறது, பொம்மைகளின் முகபாவங்கள் பழையவற்றைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் அந்த அரங்கு உண்மையான ஒரு நாட்டைப் பற்றிச் சொல்வதற்காகக் கட்டப்பட்டது. ஃப்ரோஸனின் அரெண்டெல் கற்பனை ஊர். நார்வேயின் சாயல் அதில் உண்டு, நார்வே அதில் இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேல்ஸ்ட்ராம் சுமாரான கூட்டத்துக்காகக் கட்டப்பட்டது, ஒரு மணி நேரத்தில் அது ஏற்றிச் செல்லக்கூடிய ஆட்கள் குறைவு. அதே படகுகளில் உலகப் புகழ்பெற்ற படத்தை ஏற்றினால் வரிசை நீளாமல் என்ன செய்யும்?

2017-ல் கலிஃபோர்னியாவில் ‘டவர் ஆஃப் டெரர்’ மாறியதும் இந்த வகைதான். மின்தூக்கி அறுந்து விழுவது போன்ற அந்த ரைடை ஜனவரி தொடக்கத்தில் மூடினார்கள், மே மாத இறுதியில் அதே கோபுரம் கார்டியன்ஸ் ரைடாகத் திறந்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பழைய பயமுறுத்தும் அமைதி போய், துள்ளலான பாட்டுகளோடு மேலும் கீழும் தூக்கிப் போடும் குதூகலம் வந்தது. பலருக்கு அது பிடித்தும் போனது. விழும் இயந்திரம் அற்புதமானதாக இருந்தால் எந்தக் கதையையும் அது தாங்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

முழுவதுமாக இடிப்பதும் உண்டு. யூனிவர்சலின் ஃப்ளோரிடா பூங்காவில் ‘ஜாஸ்’ சுறா ரைடு 2012 ஜனவரி 2-ஆம் தேதியோடு நின்றது. ஏரி, படகு, சுறா எல்லாவற்றையும் அகற்றி 2014 ஜூலையில் ஹாரி பாட்டரின் கடைவீதியான டயகன் ஆலியைத் திறந்தார்கள். இங்கே போனதும் சினிமா, வந்ததும் சினிமா. யூனிவர்சலில் எப்போதும் அப்படித்தான், அது படப்பிடிப்புத் தளத்தைக் காட்டும் பூங்காவாகத் தொடங்கியது. கிங் காங் ரைடு போய் ‘மம்மி’ வந்தது. ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ போய் ‘சிம்ப்சன்ஸ்’ வந்தது. 1990-ல் அந்தப் பூங்கா திறந்தபோது இருந்த ரைடுகளில் இன்றும் ஓடுவது ‘ஈ.டி.’ ஒன்றுதான். கிங் காங்கை மறக்காமல் மம்மி ரைடின் புதையல் அறையில் பொன்னிறத்தில் ஒரு காங் சிலையை வைத்திருக்கிறார்கள். போனதற்கு மரியாதை செய்யும் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

‘ஸ்ப்ளாஷ் மவுண்டன்’ மாற்றத்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். 1989-ல் டிஸ்னிலேண்டில் திறந்த இந்த நீர்ச்சரிவு ரைடு, 1946-ல் வந்த ‘சாங் ஆஃப் தி சவுத்’ படத்திலிருந்து எடுத்தது. அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காக அந்தப் படம் பல பத்தாண்டுகளாகக் கண்டிக்கப்பட்டு வந்தது, டிஸ்னியே அதை அமெரிக்காவில் வீடியோவாகக்கூட வெளியிட்டதில்லை. ரைடில் சிரித்தபடி நனைந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். மாற்றப்போவதாக 2020 ஜூனில் அறிவித்தார்கள். 2024-ல் அமெரிக்காவின் இரண்டு பூங்காக்களிலும் அது, ‘தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்’ படத்தின் கறுப்பின இளவரசி டியானாவை மையமாகக் கொண்ட ‘டியானாஸ் பாயூ அட்வென்ச்சர்’ ஆனது. மலையும் கால்வாயும் கடைசிச் செங்குத்துச் சரிவும் அப்படியே இருக்கின்றன. இந்த மாற்றம் தேவையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ரைடு தன் படத்தைத் தாண்டி இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் அந்தச் சரிவும் இசையும்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாத்திரங்களை ஒட்டவைத்தால் போதுமா?

மேஜிக் கிங்டத்தில் பறவைப் பொம்மைகள் பாடும் ‘டிக்கி ரூம்’ என்ற காட்சி உண்டு. மூலக் காட்சி 1963-ல் டிஸ்னிலேண்டில் வந்தது, இயந்திரப் பொம்மைகள் பேசிப் பாடும் கலைக்கு அது ஒரு முன்னோடி. 1998-ல் ஃப்ளோரிடாவின் டிக்கி ரூமுக்குள் ‘அலாவுதீன்’ படத்தின் கிளியையும் ‘லயன் கிங்’ படத்தின் ஸாஸு என்ற பறவையையும் புது முதலாளிகளாகக் கொண்டுவந்தார்கள். அந்தக் கிளி வந்ததும் வராததுமாகப் பழைய பாட்டு போரடிக்கிறது என்று திட்டும். பழைய காட்சியை விரும்பியவர்கள் இதை ஒருநாளும் ஏற்கவில்லை. 2011 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. பழுதுபார்த்து அதே ஆண்டு ஆகஸ்டில் திறந்தபோது கிளியும் இல்லை, ஸாஸுவும் இல்லை. பழைய காட்சியே சற்றுச் சுருக்கமாகத் திரும்பியிருந்தது, இன்றும் ஓடுகிறது.

தெரிந்த முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் மட்டும் ரைடு புதிதாகிவிடாது. அந்த முகத்துக்கு அங்கே ஏதாவது வேலை இருக்க வேண்டும். டிக்கி ரூமில் அந்தக் கிளிக்குப் பழைய காட்சியைக் குறை சொல்வதைத் தவிரப் பெரிய வேலை இல்லை.

ஆறு போனால் என்ன போகிறது?

மேஜிக் கிங்டத்தின் ஆற்றை ரைடு என்று மட்டும் பார்த்தால் அதை எடுத்ததில் பெரிய நஷ்டம் தெரியாது. நீராவிப் படகுக்கு நீண்ட வரிசை கிடையாது, தீவுக்குப் போகாமலே வீடு திரும்பியவர்கள் ஏராளம். ஆனால் அந்த ஆறு செய்த வேலை வேறு. நெரிசலும் இரைச்சலும் நிறைந்த ஒரு பூங்காவில் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீரும் மரங்களும் தெரிந்த இடம் அது. குழந்தைகள் வரிசையில் நிற்காமல், யாரும் பெல்ட் போட்டுவிடாமல், இஷ்டத்துக்கு ஓடித் திரிய அந்தத் தீவு இருந்தது. அந்தப் பகுதியின் கதையே ஆற்றங்கரையில் எழுந்த பழைய எல்லைப்புற ஊர் என்பதுதான்.

கார்ஸ் ரைடு கட்டாயம் கூட்டத்தை ஈர்க்கும், கலிஃபோர்னியாவில் 2012-லிருந்து கார்ஸ் பகுதிக்கு இருக்கும் வரவேற்பே போதுமான சாட்சி. ஆனால் எந்தப் படத்தாலும் நிரப்ப முடியாத இடம் ஒன்று பூங்காவில் இருக்கலாம், அதன் மதிப்பு வரிசையின் நீளத்தில் தெரியாது. இந்த விஷயத்தில் நான் ஆற்றின் பக்கம்.

அப்படியானால் பழைய ரைடுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டுமா? வேண்டாம். நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்கா வேறொரு வழியைக் காட்டுகிறது. ஓவியர் ஆன்டன் பீக் வடிவமைத்த தேவதைக் கதைக் காட்டோடு 1952-ல் தொடங்கிய பூங்கா அது. அங்கே 1978-லிருந்து இருந்த ‘ஸ்போக்ஸ்லாட்’ என்ற பேய்க்கோட்டையை 2022-ல் மூடி இடித்தார்கள். ரசிகர்கள் அங்கேயும் வருந்தினார்கள். 2024 அக்டோபர் 31 அன்று அந்த இடத்தில் திறந்த புதிய ரைடின் பெயர் ‘டான்ஸ் மகாப்ர்’. பழைய கோட்டையில் ஒலித்த, சான்-சான்ஸ் இயற்றிய இசையின் பெயர் அது. அந்த இசையையே மையமாக வைத்து, எந்தப் படத்தின் துணையும் இல்லாமல், நவீன இயந்திரத்தோடு புதிய கதையை உருவாக்கினார்கள்.

புதிய மாற்றம் ஏதாவது அறிவிக்கப்பட்டால் நான் கவனிப்பது இவைதான். படத்தைப் பார்க்காத ஒருவருக்கு அந்த ரைடு ஏதாவது தருமா? சுற்றியிருக்கும் பகுதியோடு அது ஒட்டுமா? போகிற ரைடு செய்த வேலையை வேறு எது செய்யும்? மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால் படத்தின் பெயரைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

இவற்றை வைத்துப் பார்க்க இப்போதே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் 1998-ல் ‘கவுன்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்’ என்ற பெயரில் டைனோசர் ரைடு ஒன்று திறந்தது. 2000-ல் ‘டைனோசர்’ என்ற படத்தை டிஸ்னி வெளியிட்டதும் ரைடுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். படத்தை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. ரைடோ கால் நூற்றாண்டு ஓடியது. இருட்டில் குலுங்கிக் குலுங்கி விரையும் அந்த வண்டிக்காகவே மக்கள் வந்தார்கள். அதை 2026 பிப்ரவரியில் மூடி, அந்த இடத்தில் இண்டியானா ஜோன்ஸ் ரைடு கட்டப்போவதாக டிஸ்னி அறிவித்தது. டிஸ்னிலேண்டில் 1995-லிருந்து ஓடும் இண்டியானா ஜோன்ஸ் ரைடின் வண்டியும் இதே தொழில்நுட்பம்தான், ஆகவே இயந்திரத்துக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. மாயன் கோயில் ஒன்றுக்குள் ஒரு புராண உயிரினத்தைத் தேடிப் போகும் புதுக் கதை என்று சொல்லியிருக்கிறார்கள். விலங்குகளுக்கான பூங்காவில், நாயகனைவிட அந்த உயிரினத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கப்போகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.